உறியில் தொங்கும் பங்கு

1

நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது, அயல்நாட்டில் நான் ருசித்த தேவ அன்பைப் பற்றி நான்கு பக்கம். பனி, ஆப்பிள் மரம், மணியடிக்கும் பழைய கோயில், வெள்ளைக்காரர்களின் ஒழுங்கு என்று எழுதி, நடுநடுவே ஊரை நினைத்துக் கொஞ்சம் கண்ணீர் விட்டால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் சிரமமில்லை. மன்னிக்க வேண்டும். நான் கோபத்தில் இருக்கிறேன். அறுப்பின் பண்டிகை முடிந்து இத்தனை நாளாகியும் அது தணியவில்லை. கோபத்தில் இருப்பவளிடம் கட்டுரை கேட்டது அவருடைய துரதிர்ஷ்டம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் என்னுடையது. மேற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பத்து வருஷம் ஆகிறது. கணவர் வேலூர்க்காரர், இங்கே தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஒரே மகள் ரூத்துக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். வற்புறுத்தினால் தமிழில் சொல்வாள், ஆனால் கடன்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். எனக்கோ கோபம் வந்தால் ஜெர்மன், ஆங்கிலம், நீங்கள் அச்சடிக்கிற தமிழ் எல்லாம் மறந்து மலைப்பேச்சு மட்டும்தான் மிஞ்சும். இந்த முறை கோயில் வாசலிலேயே அது நடந்துவிட்டது.

இங்கே அறுப்பின் பண்டிகை அக்டோபரில் வரும். பீடத்தைச் சுற்றிப் பூசணியும் உருளைக்கிழங்கும் அடுக்கியிருந்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் இராப்போஜனம் உண்டு. அப்பத்துக்குப் பதிலாக ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளே சுட்ட ஓட்ஸ் பிஸ்கட், நட்சத்திர வடிவத்தில். பாதி வரிசை போவதற்குள் திராட்சைச் சாறு தீர்ந்துவிட்டது. யாரோ சமையலறைக்கு ஓடிப்போய் ஆப்பிள் சாறு கொண்டு வந்தார்கள். இங்கே போதகர் ஒரு பெண். அவர் கிண்ணத்தைத் தூக்கி, "ஆண்டவருக்கு ஆப்பிளும் பிடிக்கும்" என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது.

நான் முன்னால் போகவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். ஆராதனை முடிந்து போதகர் வாசலுக்கு வந்து, ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று தன்மையாகத்தான் கேட்டார். நான் ஜெர்மனில் ஆரம்பித்தேன். மூன்றாவது வார்த்தையில் நாக்கு புரண்டது.

"இதுக்குத்தானே எங்க நைனாவ நிறுத்தி வெச்சீங்க! இப்ப இன்னா சிரிப்பு?"

நைனா என்றால் என் அப்பா. அந்த அம்மாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு வார்த்தை புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரூத் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டாள் என்று எனக்குத் தெரியும்.

2

எங்கள் மலையில் உறவு என்றால் அது சோறுதான். யார் கையால் யார் சாப்பிடலாம் என்பதில் எல்லாம் அடங்கிவிடும். கீழ்நாட்டுக்குப் போய் எவர் வீட்டிலோ கை நனைத்துவிட்டு வந்தவரை ஊர் தள்ளி வைக்கும். திரும்பச் சேர்ப்பதும் சோற்றால்தான். ஊர்க்கவுண்டர் தண்ணீர் தெளிப்பார். தள்ளி வைக்கப்பட்டவர் ஊருக்குச் சமைத்துப் போடுவார். அவர் இலையிலிருந்து கவுண்டர் ஒரு வாய் எடுத்துத் தின்றால் முடிந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

நைனாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, கீழே மிஷன் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். அங்கே யார் யார் கையாலோ கஞ்சி குடித்தார். பிழைத்து வந்தவரை ஊர் தள்ளி வைத்தது, முறைப்படி திரும்பச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த சூட்டோடு மனிதர் மறுபடி கீழே போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளையன் என்ற பெயர் ஞானப்பிரகாசம் ஆயிற்று. ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

அவரை இழுத்தது பிரசங்கம் அல்ல. ஆஸ்பத்திரிக் கோயிலில் பார்த்த இராப்போஜனப் பந்திதான். அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவில்லை.

"நம்ம சாமிக்கு நாமதான் படைக்கிறோம். இந்தச் சாமி நமக்குப் போடுதுடி. போட்டுட்டு நம்மகூடவே உக்காந்து திங்குதாம். இன்னாருன்னு கேக்கறதில்ல. மேல கீழன்னு பாக்கறதில்ல."

கடவுளின் அன்பைப் பற்றி எத்தனையோ பெரிய பண்டிதர்கள் பேசிக் கேட்டுவிட்டேன், இரண்டு கண்டங்களில். இதைத் தாண்டி ஒருவரும் புதிதாகச் சொல்லவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் சாமை அறுப்போம். புதுச் சாமையை முதலில் தின்கிற நாளில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஆலங்காயம் சந்தைக்குப் போனவன், கட்டிக்கொடுத்த பெண், சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனவன், இப்படி அன்றைக்கு வீட்டில் இல்லாத ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை மந்தார இலையில் மடித்து, அடுப்புக்கு மேலே உறியில் வைப்போம். வந்தவுடன் முதல் வேலை அதை வாயில் போடுவது. காய்ந்து போயிருக்கும், புகை நாற்றம் அடிக்கும், இருந்தாலும் போட வேண்டும். வேண்டாம் என்றால் 'நான் இந்த வீட்டு ஆள் இல்லை' என்று அர்த்தம். அதைவிடக் கொடிய வார்த்தை எங்களிடம் கிடையாது.

3

போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அப்போது இருந்தவர் இளம் வயது, நல்ல குரல். பாதை முடிகிற இடம் வரை ஜீப்பில் வந்து, மீதியை நடந்து வருவார். அப்பங்களை ஒரு தகர டப்பாவிலும் திராட்சரசத்தை மருந்துப் புட்டியிலும் கொண்டு வருவார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

நைனாவின் தங்கை சின்னப்பாப்பா, என் அத்தை, புருஷன் செத்த பிறகு எங்களோடு இருந்தாள். சித்திரையில் அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. பாடங்களை மனப்பாடம் செய், அடுத்த தடவை பந்தி உண்டு என்றார் ஐயர். எழுதப் படிக்கத் தெரியாதவள், களை பிடுங்கிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் படித்தாள். ஆடியில் ஐயர் வந்து கேள்வி கேட்டார். ஓர் இடத்தில் தடுமாறினாள். "அடுத்த முறை பார்க்கலாம், அவசரமில்லை" என்றார் ஐயர். அவருக்கு அவசரமில்லைதான். அத்தை மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

எமர்ஜென்சி வந்த வருஷத்து ஐப்பசி அது. மழை கொட்டியது, காட்டாறு இறங்க விடவில்லை. அத்தைக்குக் காய்ச்சல் கண்டு நாளுக்கு நாள் ஏறியது. ஆறு சற்று வடிந்த ஒரு காலையில் கீழே ஆள் அனுப்பினோம். மழை விட்டதும் வருகிறேன் என்று பதில் வந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அத்தை தலைமாட்டில் ஈரத்துணியோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"ண்ணா, எனக்கு அந்தப் பந்தி இல்லியா?"

"ஏன் இல்ல? இருக்குதும்மா."

"ஐயர் வல்லியே."

"அவரு வல்லன்னா இன்னா? பந்தி போடறவரு வந்துதான கீறாரு."

நைனா எழுந்து அம்மாவிடம் புதுச் சாமையை இடிக்கச் சொன்னார். அந்த வருஷம் நாங்கள் இன்னும் அதை வாயில் வைக்கவில்லை. உப்புக்கூடப் போடாமல் ஓர் அடை சுட்டாள் அம்மா. மலையில் திராட்சைக்கு எங்கே போவது? கொம்புத்தேனை வெந்நீரில் கலக்கினார். ஐயர் சொல்லிக் கேட்ட வார்த்தைகளில் நினைவிருந்ததைச் சொல்லி, அடையைப் பிட்டு முதலில் அத்தை வாயில் வைத்தார். அப்புறம் எங்கள் எல்லோருக்கும். அத்தை மெதுவாக மென்றாள். "நல்லாகீதுண்ணா" என்றாள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

அடையில் ஒரு துண்டை மந்தார இலையில் மடித்து உறியில் வைத்தார் நைனா. யாருக்கு என்று அம்மா கேட்டாள்.

"ஐயருக்கு. அவரு இல்லாதப்ப போட்ட பந்தியாச்சே."

4

இதுவரை உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். சுளியுங்கள். மார்கழியில் வந்த ஐயரும் அதைத்தான் செய்தார்.

அவர் வந்ததும் நைனா பித்தளைத் தட்டில் இலைப் பொட்டலத்தை வைத்துப் பிரித்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஐயரைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள், இந்துக்கள்தான் பெரும்பாலும், வாசலில் நின்றிருந்தார்கள்.

"இது உங்க பங்குங்க ஐயா. தங்கச்சி போறதுக்கு முன்னால பந்தி போட்டோம். உங்களுக்கு எடுத்து வெச்சேன்."

ஐயருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"யார் கொடுத்தது? நீயா? உனக்கு யார் குருப்பட்டம் கொடுத்தார்கள்? சாமையும் தேனும் வைத்து விளையாடுகிற காரியமா இது?"

"விளையாட்டு இல்லீங்க ஐயா. நீங்க எடுத்துக்குங்க. எடுத்துக்கலன்னா வூட்டு ஆளு இல்லைன்னு ஆயிடும்."

"நான் உன் வீட்டு ஆள் இல்லை" என்றார் ஐயர்.

தட்டைக் கையால் ஒதுக்கினார். அடை தரையில் விழுந்தது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அம்மா குனிந்து அடையை எடுத்து ஊதி, இலையில் மடித்து, மறுபடி உறியில் வைத்தாள்.

கீழே சபைக் கமிட்டி கூடியது. நைனாவை வரச்சொல்லி நிற்க வைத்தார்கள். தீர்ப்பு மிகவும் தயவானது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். தங்கைக்குக் கொடுத்தது இராப்போஜனம் அல்ல, வெறும் அடை என்று சபை முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவரை பந்தியிலிருந்து நிறுத்தம். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். வீட்டுக்கு வந்து நைனா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மன்னிப்பு கேளுன்னா ஆயிரம் வாட்டி கேப்பேன். நான் இன்னா பெரிய ஆளு? ஆனா அது வெறும் அடைன்னு சொன்னா, எந்தங்கச்சி பந்தியில்லாம போய்ட்டான்னு ஆவுதே. அத எப்பிடி என் வாயால சொல்லுவேன்?"

சொல்லவில்லை. சாகும் வரை சொல்லவில்லை. ஐயர்கள் மாறினார்கள், தீர்ப்பு மாறவில்லை. ஐயர் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் ஜெபவீட்டைக் கூட்டி, பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பவர் நைனாதான். மற்றவர்கள் முன்னால் போகும்போது அவர் கதவோரம் உட்கார்ந்திருப்பார். அத்தை உட்கார்ந்திருந்த அதே சுவர்.

ஊர்க்கவுண்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். "ஏம்பா வெள்ளையா, நாங்க தள்ளி வெச்சா திரும்பச் சேக்க ஒரு வழி வெச்சிருக்கோம். உங்காளுங்க அந்த வழிய எங்க வெச்சாங்க? பேசாம நம்ம பக்கமே வந்துடு, ஒரு சோத்தப் போட்டு முடிச்சிடலாம்" என்றார். நைனா சிரித்தார். "நீங்க போடற சோத்தையும் திம்பேன் மாமா. அங்கயும் போய்க் குந்துவேன்" என்றார்.

அப்போது அதை நான் பொறுமை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவரைக் கதவோரம் உட்கார வைத்துவிட்டு, கடவுள் எல்லோரையும் நேசிக்கிறார் என்று அவர் தலைக்கு மேலே அத்தனை வருஷம் எப்படிப் பாட்டுப் பாடினீர்கள்?

5

ஜெர்மனிக்கு வந்ததும் என் மதத்தை முதலில் விசாரித்தது வரி அலுவலகம். எந்தச் சபை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சம்பளத்தில் சபைக்கு உரியதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சபை வேண்டாம் என்றால் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரலாம். வெளியே போக இத்தனை மரியாதையான வழி இருப்பதைப் பார்த்து முதல் வருஷம் மலைத்துப் போனேன். எங்கள் ஊரில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே பந்திக்கு வழியில்லை.

போன மாசியில் நைனா படுத்துவிட்டார் என்று தந்தி வந்தது. என் பாஸ்போர்ட் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது, அனுமதியை நீட்டிப்பதற்காக. ஓடினேன். அந்தப் பிரிவு வியாழக்கிழமைதான் திறக்கும் என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண். அப்பா சாகக் கிடக்கிறார் என்றேன். சொன்ன அவசரத்தில் 'கிடக்கிறார்' என்பதற்குப் பதிலாக 'கிடந்தார்' என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அனுதாபத்தோடு தலையசைத்து, அப்படியானால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றாள். வியாழக்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அவரைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

நடந்ததைத் தம்பி பிறகு எழுதினான். கடைசி நாட்களில் நைனா கேட்டிருக்கிறார், வாய்விட்டு, ஒரே ஒரு முறை. அப்போது மேலே வந்திருந்த ஐயர் நல்ல மனுஷர்தானாம். ஆனால் பழைய தீர்ப்பு இருக்கிறதே, கீழே கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று போயிருக்கிறார். போனவர் அடக்கத்துக்குத்தான் வந்தார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. சாமை மாவை எடுத்து அடுப்பைப் பற்ற வைக்க எழுந்திருக்கிறான். நைனா கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"வேணாண்டா. உன்னையும் நிறுத்திடுவாங்க. புள்ளைங்க கீது. எனக்குப் பங்கு அங்க இருக்கும். நான் வல்லன்னு அவரு எடுத்து வெச்சிருப்பாரு."

தம்பிக்கு அது ஆறுதலாக இருந்ததாம். எனக்கு இல்லை. தேவன் எடுத்து வைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் ஏன் வைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

6

பண்டிகைக்கு அடுத்த வாரம் இங்கத்திய போதகர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வார்த்தை வராத இடத்தில் ரூத் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் இந்தக் கதை அன்றுதான் தெரியவந்தது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் அப்பா செய்தது முற்றிலும் சரி" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு இன்னும் எரிந்தது. எங்கள் மலையில் ஒரு மனிதர் ஆயுசின் மிச்சத்தைக் கொடுத்த விஷயத்தை, இந்த அம்மா ஒரு கோப்பைக் காப்பி ஆறுவதற்குள் தீர்த்துவிட்டார். இங்கே ஆப்பிள் சாற்றுக்குச் சிரிப்பு, அங்கே தேன்தண்ணீருக்குத் தண்டனை, கடவுள் மட்டும் ஒருவரே. அவர் மேல் பிழையில்லை. சண்டைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், அவர் வரவில்லை. சண்டை உங்களோடுதான்.

போதகர் போன பிறகு ரூத் தன் அறைக்குப் போய் ஒரு காகிதக் கைக்குட்டையைக் கொண்டு வந்தாள். பிரித்தாள். நட்சத்திர பிஸ்கட், ஒரு முனை உடைந்து தூளாகியிருந்தது.

"நீ வெளிய போய்ட்ட. உனக்கு எடுத்து வெச்சேன்" என்றாள், தமிழில். "நீ கோவமா இருந்த. அதான் குடுக்கல."

உறியைப் பற்றி அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சற்று முன் போதகரிடம் சொன்னபோதுதான் கேட்டாள். பிஸ்கட்டையோ பண்டிகை அன்றே எடுத்து வைத்திருக்கிறாள். 'வேண்டாம், கொண்டு போ' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த ஆப்பிள் சாறு, அந்தச் சிரிப்பு, எல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. அவள் கையை நீட்டியபடியே நின்றாள், தட்டைப் பிடித்துக்கொண்டு நைனா நின்ற மாதிரி.

வாங்கித் தின்றேன். காகித ருசிதான் அடித்தது. கோபம் போகவில்லை. கோபத்தோடேயே தின்றேன். அப்படியும் தின்னலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

7

இனி எழுதுவது ஒரே ஒருவருக்கு. மார்கழியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஐயருக்கு. இப்போது நீங்கள் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர் என்று கேள்வி. உங்கள் பெயரை எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

வருகிற தையில் எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்து ஓடு போடப் போவதாகத் தம்பி எழுதியிருக்கிறான். அடுப்புக்கு மேலே இருக்கிற உறியை இறக்க வேண்டுமாம். அதில் மந்தார இலைப் பொட்டலம் ஒன்று, புகை பிடித்துக் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. நைனா இருந்தவரை யாரையும் தொட விடவில்லை. ஐயர் வருவார் என்பாராம். அத இன்னா பண்றது அக்கா என்று கேட்கிறான். எறியாதே என்று எழுதிவிட்டேன்.

இப்போது புதூர்நாடு வரை பஸ் வருகிறது. ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

அதை உங்களுக்குக் கொடுப்பதில் எனக்கு இஷ்டமில்லை, ஐயா. உங்கள் மேல் எனக்கு ஒரு துளி அன்பும் இல்லை. ஆனால் அதை எடுத்து வைத்தது நான் இல்லை. கூரையைப் பிரிப்பதற்குள் வந்து, உங்கள் பங்கைத் தின்றுவிட்டுப் போங்கள்.